ஃபோல்டர் பெயர் வெளியே தெரிந்தபோது

போன வியாழக்கிழமை காலை. மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கங்க. சிடுமூஞ்சி ராஜேந்திரன் பேசுறேன்."

ஈரக் கையில் போன் நழுவப் பார்த்தது.

"யாருங்க?"

"சிடுமூஞ்சி ராஜேந்திரன். அம்மாபேட்டை. அதானே எம்பேரு? உங்க கடையிலேருந்துதான் அனுப்பிச்சிருக்கீங்க. போன்ல தெளிவா வந்திருக்கு. வெண்ணாறு... அதுக்கடுத்து அம்மாபேட்டை... அதுக்கடுத்து சிடுமூஞ்சி ராஜேந்திரன்."

எனக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்கண்ணே..."

"எம் பொண்டாட்டி அடுப்படியில உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்கா. பத்து நிமிஷமா. 'நான் இத்தனை வருஷமா சொல்றதை அந்தக் கடைப் பொண்ணுங்க அன்னிக்கே எழுதி வச்சிருக்காங்க'ங்கிறா. நான் எப்பங்க சிடுசிடுத்தேன்? ஒரே ஒரு தடவை... ப்ரூஃப்ல எங்க சித்தப்பா பேரை விட்டுட்டீங்க. அதுக்குக் கேட்டேன். கேக்கக்கூடாதா?"

கேட்கலாம். ஆனால் அன்று அவர் கேட்ட சத்தத்தில் கீழே இருந்த மருந்துக் கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். அதை இப்போது ஞாபகப்படுத்த முடியுமா? "சரிங்கண்ணே, மாத்திடறோம்" என்றேன். டொக் என்று வைத்துவிட்டார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டெல்லாவும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல். அவள் தரங்கம்பாடிப் பெண். லுத்தரன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள். எதையும் அடுக்கி வைக்காமல் தூங்க மாட்டாள். படிப்பு முடிந்து இரண்டு பேரும் கூட்டாகக் கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் டிடிபி கடை போட்டோம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், பின்னறையில் ஒரு சின்ன அச்சு மெஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம்... டெல்டாவில் எந்த வீட்டில் மேளம் கொட்டினாலும் எங்களுக்கு முதலில் தெரியும். நான் பிறகு எழுத வந்துவிட்டேன். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் கடையில் போய் உட்காராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது கடை, பக்கத்துத் தெருவில் சொந்தக் கட்டடத்துக்கு மாறுகிறது. அதைச் சாக்காக வைத்து ஸ்டெல்லாவின் மகள் ஜெனிபருக்கு ஒரு யோசனை வந்தது. ஜெனி பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவில் வந்திருந்தாள்.

"பழைய கஸ்டமர் எல்லாருக்கும் அவங்கவங்க பத்திரிகையை போன்லயே பாக்கற மாதிரி ஒரு லிங்க் அனுப்பலாம்மா. ஃப்ரீ கிஃப்ட். ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேர்ல எல்லாம் ஏத்திதானே வச்சிருக்க? அதுக்கு ஏபிஐ இருக்கு. ரெண்டு நாள் வேலை."

ஏபிஐ என்றால் என்ன என்று நானும் கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. பிறகு நானே எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். மெஸ்ஸில் சமையலறைக்கும் சாப்பிடுகிற ஹாலுக்கும் நடுவே ஒரு சதுர ஜன்னல் இருக்குமே, அதுதான். ஹாலில் இருப்பவர் உள்ளே வரக்கூடாது. ஜன்னலில் நின்று கேட்டால் உள்ளே இருந்து தட்டை நீட்டுவார்கள். ஏபிஐ அந்த ஜன்னல். ஜெனி எழுதிய புரோகிராம் அந்த ஜன்னலில் நின்று, "ராஜேந்திரன் பத்திரிகை குடு" என்று கேட்கும். அது பத்திரிகையைக் கொடுக்கும்.

கொடுத்தது. கூடவே, பத்திரிகை எந்த அலமாரியில், எந்தத் தட்டில், என்ன லேபிள் ஒட்டி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துக் கொடுத்தது. ஜெனி அதை அழகாகத் திரையின் உச்சியில் வரிசையாகக் காட்டிவிட்டாள். எல்லா ஆப்பிலும் அப்படித்தான் காட்டுவார்களாம். எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தால் பார்ப்பவருக்கு வசதியாம். சோதித்துப் பார்த்தபோது தன் வீட்டு ஃபோல்டரை மட்டும் திறந்து பார்த்திருக்கிறாள். 'காவிரி, தரங்கம்பாடி, நம்ம வீடு' என்று வந்திருக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மொத்தப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள்.

நான் ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே நாலு போன். 'நாளைக்கு வரேன் நடராஜன்', 'மூணு அத்தை வீடு', 'எம்ஏ போடு எம்ஏ போடு', 'வாயாடி சம்பந்தி'. நாலாவது அம்மாள் நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நீங்கள் எங்களைத் தப்பாக நினைக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் ராஜேந்திரன்களுக்குப் பஞ்சமே கிடையாது. கடை போட்ட முதல் வருஷமே ஏழு ராஜேந்திரன் வந்தார்கள். ஏழு பேரையும் பிரிப்பது எப்படி? தகப்பனார் பெயரும் நாலு பேருக்குக் கோவிந்தசாமி. கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எது ஞாபகம் இருக்குமோ அதைத்தான் பெயராக வைக்க முடியும். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். 'கேஸ் முருகன்' இல்லையா? 'தண்ணி கேன்'? 'எடுக்காதே 1', 'எடுக்காதே 2'? அவர்கள் கண்ணில் அது படுமென்றால் நீங்கள் எந்த ஊருக்கு ஓடுவீர்கள்?

அந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். அதுவும் இங்கிலீஷ் எழுத்து. அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் ஸ்டெல்லா இருக்கிறாளே! நாலு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் ஃபைல் ஷேரிங்கில் ஏற்றியபோது, ஒவ்வொரு எட்டெழுத்தையும் ஞாபகம் வைத்துத் தமிழில் முழுசாக விரித்து அடித்திருக்கிறாள். மூன்று மாதம் உட்கார்ந்து. கண்ணாடி பவர் மாறிப் போகிற அளவுக்கு.

"எவ்ளோ கஷ்டப்பட்டு நம்மளயே காட்டிக் குடுத்திருக்கேன் பாரு, சுசீ" என்றாள்.

ஜெனிக்கு முகம் சுண்டிப் போயிருந்தது. "சாரி ஆன்ட்டி. ஏபிஐல ஃபோல்டர் பாத், அதான் மேலேருந்து கீழ வரைக்கும் முழு வழியும், தானா வரும். நான் அதை ஃபில்டர் பண்ணியிருக்கணும். இப்ப மறைச்சிடறேன். அரை மணி நேரம்."

நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டு பேரிடம் திட்டு வாங்குவோம், மூன்று பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே? ஜெனியின் தோளுக்குப் பின்னால் நின்று, அவள் திரையில் ஃபோல்டர் பட்டியல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவிரி போனது. கொள்ளிடம் போனது. புது ஆறு வந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி...

அங்கே ஒரு ஃபோல்டர். 'நின்ற கல்யாணம் – அடிக்க வேண்டாம்.'

அந்தப் பெயரை வைத்தது நான்.

"ஜெனி, இது யாருக்காவது போயிருக்கா?"

அவள் தேடிப் பார்த்தாள். "போயிருக்கு ஆன்ட்டி. ரா. பூங்கொடிங்கிற பேர்ல ரெண்டு ஃபோல்டர்ல ஃபைல் இருந்துச்சு. இது ஒண்ணு, போன வருஷம் கிரகப்பிரவேசம் ஒண்ணு. ரெண்டும் பேராவூரணின்னு ரிஜிஸ்டர்ல இருக்கவே, ஒரே ஆளுதான்னு ரெண்டையும் சேர்த்து அனுப்பிருச்சு."

"எந்த நம்பருக்கு?"

"ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பருக்கு."

ரிஜிஸ்டரில் இருந்தது பூங்கொடியின் கணவர் நம்பர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

போன வருஷம் அவர் வந்தபோது கடையில் நான்தான் இருந்தேன். நாகப்பட்டினத்தில் புது வீடு கட்டியிருக்கிறார்கள். அமைதியான மனிதர், துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபாக்டரியில் மேனேஜர். "எம் மனைவி பேரையும் முழுசா போடுங்க. ரா. பூங்கொடி. பேராவூரணிக்காரங்க. அவங்கதான் இந்தக் கடைக்கே போகணும்னு சொன்னாங்க" என்றார். அந்தப் பூங்கொடிதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நாகையில் அச்சகமா இல்லை? எதற்கு இவ்வளவு தூரம் அனுப்பினாள் என்று தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவும் இல்லை. அவருக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ... நமக்கெதற்கு? அன்று நான் பெருமையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று ஃபோல்டர் போட்டு உடைத்துவிட்டது.

"திறந்து பாத்திருக்காங்களான்னு தெரியுமா?"

"யார் எப்பத் திறந்தாங்கன்னு லாக்ல பதிவாகியிருக்கும்." ஜெனி பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். "எட்டு பத்துக்கு ஒரு தடவை. எட்டு பதினாலுக்கு ஒரு தடவை. எட்டரைக்கு ஒரு தடவை."

மூன்று தடவை! ஒரு தடவை என்றால் கை தவறித் திறந்தது என்று சொல்லலாம். மூன்று தடவை என்றால் என்ன சொல்வது?

பூங்கொடியின் அப்பா ராமலிங்கத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேராவூரணியில் கொஞ்சம் தென்னந்தோப்பு. ஒரே பெண். பத்திரிகைக்கு அவர் மட்டுமே பஸ் ஏறி வருவார். ப்ரூஃபை மூன்று முறை திருத்தினார். நான் முகம் சுளித்தேன். அவர் சுளிக்கவில்லை. "ஊர்ல எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிட்டு வந்துட்டேம்மா, நான் கூப்பிடற மொதல் கல்யாணம் இது. தப்பு வந்துடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார். எழுநூறு கேட்டார். நானூறு அடித்துக் கொடுத்தோம். மீதி முந்நூறு அடுத்த வாரம் என்று பேச்சு.

அடுத்த வாரம் ஒரு மத்தியான நேரம் வந்தார். படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "மீதி அடிக்க வேண்டாம்மா" என்றார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். என்ன காரணம் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. மடித்த துண்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு வேற சிரமம் குடுத்துட்டேன்" என்றார்.

அவர் போனதும் நான் முதலில் செய்த காரியம், அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றியது. பின்னறை மெஷினில் இருந்தவர் தெரியாமல் மீதி முந்நூறை ஓட்டிவிடக் கூடாது இல்லையா? அதற்காக வைத்த எட்டெழுத்து அது. வேலைக்காக வைத்த பெயர். வம்புக்காக வைத்ததில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அது தெரியுமா?

ஜெனி அரை மணி நேரத்தில் ஃபோல்டர் பெயர்களை மறைத்துவிட்டாள். இனி யார் திறந்தாலும் பத்திரிகை மட்டும்தான் வரும். ஆனால் எட்டரை மணிக்குப் பார்த்தவரின் கண்ணை எந்த புரோகிராம் மறைக்கும்?

"போன் பண்ணிடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"என்னன்னு பேசறது? அவருக்குத் தெரியாம இருந்து, நாமளே போய் வாயைக் குடுத்து..."

"தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா நம்ம மேல கோவமா இருப்பாங்க. ரெண்டுக்கும் நாமதானே காரணம்? பேசு."

ஸ்டெல்லா இப்படித்தான். தப்பு என்றால் போய் நிற்க வேண்டும். நான் போன் போட்டேன். இரண்டே ரிங்கில் எடுத்தார்.

"தஞ்சாவூர்லேருந்து பேசறேங்க. பத்திரிகைக் கடை. பூங்கொடி இருக்காங்களா?"

"அவங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்களே. டீச்சரா இருக்காங்க. அந்த லிங்க் விஷயமாங்க?"

"ஆமாங்க... அது... தவறுதலா..."

"சாயங்காலம் அவங்களையே பேசச் சொல்றேங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வைத்துவிட்டார்.

மணி பதினொன்றரை. சாயங்காலத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது! ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மீன் குழம்பு. எனக்குப் பிடித்த கெழங்கா மீன். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை. வேறு என்ன செய்வது... திரையில் ஃபோல்டர்களைத் திறந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்தோம். எங்கள் வயசும் வாழ்க்கையும் அங்கே மரக்கிளை மாதிரி பிரிந்து கிடந்தது.

ஆற்றை வைத்துப் பிரிக்கலாம் என்பது ஸ்டெல்லாவின் ஏற்பாடு. வருகிறவர்கள் ஊர்ப் பெயர் சொல்வார்கள். அதே பெயரில் இன்னும் மூன்று ஊர் இருக்கும். "எந்த ஆத்துப் பாசனம்ங்க?" என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். தன் கல்யாணத் தேதி மறந்தவருக்குக்கூட எந்த ஆற்றுத் தண்ணீர் என்பது மறப்பதில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலு ஃபோல்டர். அதற்குள்ளே ஊர். ஊருக்குள்ளே வீடு.

அப்போதெல்லாம் மவுஸ் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்தாகத்தான் கட்டளை அடிக்க வேண்டும். வெண்ணாற்று ஃபோல்டரில் இருக்கும்போது புது ஆற்று ஃபைல் தேவைப்பட்டால் நாங்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கல்லணைக்குப் போய், அங்கிருந்து புது ஆற்றில் இறங்குவோம். சென்னையிலிருந்து மெஷின் சர்வீஸுக்கு வந்த இன்ஜினீயர் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எதுக்கு மேடம் அத்தனை தடவை மேல போறீங்க? நேரா பேரை அடிச்சா ஒரே தாவல்ல போயிடலாமே!"

ஸ்டெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெண்ணாத்துலேருந்து புது ஆத்துக்கு எப்படிங்க தாவுறது? கல்லணைக்குப் போய்த்தானே திரும்பணும்?"

அவர் சொல்லிக் கொடுத்தார். நாங்களும் தலையாட்டினோம். அவர் பஸ் ஏறியதும் பழையபடி கல்லணைக்கே போய்த் திரும்பினோம். தண்ணீர் போகிற வழியை விட்டு வேறு வழியில் போனால் ஃபைல் கெட்டுவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு பயம்!

ஜெனி இதைக் கேட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "இப்பல்லாம் ஃபோல்டரே வேண்டாம் ஆன்ட்டி. எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டிட்டு சர்ச் பண்ணிக்கலாம். இந்தப் பிரச்சனையே வந்திருக்காது."

"கொட்டுவியா? எங்க, கொட்டித்தான் பாரேன்" என்று ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு முகம். லேசர் பிரிண்டர் சூடாகிற வாசனை. மெஷின் மேல் போர்த்தியிருந்த பூப்போட்ட துணி. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று நாங்கள் எல்லோரையும் மிரட்டியது... கடைசியில் படி முழுக்கச் செருப்பாகக் கிடக்கும், யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். 'செருப்பு மாத்தினவர்' என்றும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அடித்த ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று ஸ்டெல்லா வைத்திருந்த சட்டம். பிற்பாடு அதையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியதும் அவள்தான். எங்களுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறோம்! அப்போது தெரியவில்லை. பிரிண்டர் பேப்பரைக் கடிக்கிறது, கரண்ட் போகிறது என்று சலித்துக்கொண்டே இருந்தோம்.

ஆனால் ஒவ்வொரு பெயரைப் பார்த்தும் சிரித்த வாயோடு, அடுத்த நிமிஷம் பேராவூரணி ஞாபகம் வந்துவிடும். பெயர் வைப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது எங்களுக்கு. ஒரு மனிதர் ஒரு நாள் கோபப்பட்டார், இருபத்தைந்து வருஷமாக அவர் சிடுமூஞ்சி. ஒரு வீட்டில் ஒரு நாள் இடி விழுந்தது, இருபத்தைந்து வருஷமாக அதுதான் அவர்கள் முகவரி. உள்ளே எப்படி அடுக்குகிறோம் என்பது நம் சௌகரியம், சரி. ஜன்னலில் எதை நீட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டாமா? இதை ஜெனிக்குச் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா... நான் பூங்கொடி."

"பூங்கொடி, மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்துவிட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபோல்டர் பெயர் வெளியே தெரியக்கூடாது, தெரிந்துவிட்டது, பெயர் வைத்தது நான்தான், மெஷின்காரர் மீதியை அடித்துவிடக் கூடாதென்று வைத்தது, உன் வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் நாங்கள் இரண்டு பேரும் நேரில் வந்து...

"அக்கா, அவருக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நான் சொல்லிட்டேன்."

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம்தான் செய்தாளோ என்னவோ.

"அப்ப... மூணு தடவை திறந்து பாத்திருக்கீங்களே?"

"மொதல்ல அவர் பாத்தாரு. பாத்துட்டு ஒண்ணும் பேசாம எங்கிட்ட போனைக் குடுத்தாரு. நான் பாத்தேன். அப்பறம் பஸ்ல போகும்போது எம் போனுக்கு அனுப்பச் சொல்லி இன்னொரு தடவை பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பத்திரிகை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லக்கா. எங்கப்பா வீட்டுல இருந்த அத்தனையையும் கொல்லைப்புறத்துல வச்சுக் கொளுத்திட்டாரு. குடுத்த வீட்டுக்கெல்லாம் போய்த் திருப்பி வாங்கிக் கொளுத்தினாரு. போன வருஷம் இவரை உங்க கடைக்கு அனுப்பினதே... ஒருவேளை உங்ககிட்ட இருக்குமோன்னு கேக்கச் சொல்லத்தான். கடைசி நேரத்துல சொல்ல வாய் வரல."

"எதுக்கும்மா உனக்கு அது?" ஸ்டெல்லாதான் கேட்டாள். மெதுவாக.

"அடுத்த வருஷமே அப்பா போயிட்டாருக்கா. எங் கல்யாணப் பத்திரிகை பெரியப்பா பேர்லதான் அடிச்சோம். அப்பா பேருக்கு முன்னாடி 'தெய்வத்திரு'ன்னு போட்டு, ஒரு ஓரத்துல. இதுலதான் அப்பா கூப்பிடறாரு. 'என் மகள் பூங்கொடி'ன்னு போட்டு, 'தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து'ன்னு... அவரே கூப்பிடறாரு. அவர் ஊரைக் கூப்பிட்ட பத்திரிகை இது ஒண்ணுதாங்க்கா."

ஜெனி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது, மடித்து மடித்து அவர் வைத்திருந்த துண்டு. அழுதேன். இதை எழுத வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன்.

"அந்த ஃபோல்டர் பேரை மாத்திடறேம்மா" என்று சொன்னேன்.

"நீங்க என்ன பேரு வேணா வச்சுக்குங்க. எனக்கு ஒரே ஒரு பத்திரிகை அச்சுல வேணும். தேதி, மண்டபம் எதையும் மாத்த வேண்டாம். அப்படியே." கொஞ்சம் யோசித்தாள். "இல்லக்கா, ரெண்டா அடிச்சிடுங்க. எங்கம்மாவுக்கு ஒண்ணு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பழைய ஃபைலை இன்றைய கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்றது. ஸ்கேனைப் பார்த்து நானே எழுத்து எழுத்தாக அடித்தேன். அவர் மூன்று தடவை திருத்திய ப்ரூஃபை நான் நாலு தடவை சரி பார்த்தேன். அதே மஞ்சள் அட்டை கிடைக்கவில்லை. ஸ்டெல்லா ஐந்து கடை ஏறி, கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் கடையில் நூறு பத்திரிகைக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை. போர்டே மாட்டியிருக்கிறோம்.

இரண்டு அடித்தோம்.